பிஜித் தீவுகள் ஓர் அறிமுகம்: கூலிகளாகச் சென்றவர்கள் எழுப்பிய பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும்

வெள்ளிக்கிழமை காலை சோழவரத்தில் மணி ஆறு. ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்தவர்கள் டீக்கடையில் நிற்கும் நேரம். அதே நொடியில் பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள பிஜி நாட்டின் தலைநகர் சுவாவில் மணி பகல் 12.30. அங்கே ஜும்ஆவுக்காக மக்கள் பள்ளிவாசலை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோரின் கொள்ளுத்தாத்தாக்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நம் சென்னைத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினார்கள்.

பிஜி என்றால் நம்மில் பலருக்குக் கடற்கரையும் தென்னை மரமும் சுற்றுலா விளம்பரமும்தான் நினைவுக்கு வரும். அதையும் தாண்டி நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அந்த நாட்டுக்கு உண்டு. ஒரு துண்டுக் காகித ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போன ஏழைத் தொழிலாளர்கள், முன்பின் தெரியாத ஒரு மண்ணில் தங்கள் ஈமானையும் குடும்பத்தையும் எப்படிக் காப்பாற்றிக்கொண்டார்கள், எதை இழந்தார்கள் என்ற வரலாறு அது.

நாடு ஒரு பார்வையில்

பிஜி 330-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. அவற்றில் மக்கள் வாழ்வது சுமார் 110 தீவுகளில் மட்டுமே. மொத்த நிலப்பரப்பு 18,270 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தமிழ்நாட்டின் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். விட்டி லெவு, வனுவா லெவு ஆகிய இரண்டும் பெரிய தீவுகள். தலைநகர் சுவா விட்டி லெவுவின் தென்கிழக்கே இருக்கிறது. பன்னாட்டு விமான நிலையம் மேற்கே நாண்டியில் இருக்கிறது. சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 11,000 கிலோமீட்டர் தொலைவு.

2017-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 8,84,887. இது நம் திருவள்ளூர் மாவட்டத்தின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. ஆங்கிலம், பூர்வகுடிகளின் பிஜி மொழி, இந்திய வம்சாவளியினர் பேசும் பிஜி இந்தி ஆகிய மூன்றும் புழக்கத்தில் உள்ளன. நாணயம் பிஜி டாலர்.

அங்குள்ள ஊர்ப் பெயர்களை எழுத்தைப் பார்த்துப் படித்தால் தவறிவிடும். ஆங்கில எழுத்தில் 'நாடி' என்று இருப்பதை 'நாண்டி' என்பார்கள். 'லபாசா' என்று எழுதியிருப்பதை 'லம்பாசா' என்பார்கள். யாரைச் சந்தித்தாலும் 'புலா' என்று வாழ்த்துவது வழக்கம். உயிர், வாழ்வு என்பது அதன் பொருள்.

வெப்ப மண்டல நாடு என்பதால் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மிக உயர்ந்த சிகரமான தொமனிவி 1,324 மீட்டர் உயரம். சுவாவில் கிப்லா ஏறக்குறைய நமக்கு இருப்பதைப் போலவே மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக அமைகிறது. பூமியின் மறுபக்கத்துக்கு அருகே இருந்தாலும், தொழுகைக்கு நிற்கும் திசை அவர்களுக்கும் நமக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பூர்வகுடிகளும் பிரிட்டிஷ் ஆட்சியும்

சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே கடலோடிகள் இந்தத் தீவுகளில் குடியேறிவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய பூர்வகுடி மக்கள். தலைவர்களின் கீழ் குலம் குலமாக வாழ்ந்த அவர்கள் 19-ம் நூற்றாண்டில் பெரும்பாலும் கிறிஸ்தவத்தை, குறிப்பாக மெதடிஸ்ட் பிரிவைத் தழுவினார்கள்.

1874 அக்டோபர் 10 அன்று தக்கோம்பாவ் என்ற தலைவரும் பிற குலத் தலைவர்களும் தீவுகளைப் பிரிட்டிஷ் அரசுக்கு ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டே தட்டம்மை நோய் பரவிற்று. அந்த நோயை அதுவரை கண்டிராத மக்களில் சுமார் 40,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

அப்போதைய ஆளுநர் ஆர்தர் கோர்டன் இரண்டு முடிவுகளை எடுத்தார். பூர்வகுடிகளின் நிலத்தை வெளியாருக்கு விற்கக் கூடாது என்பது ஒன்று. தோட்ட வேலைக்கு அவர்களை இழுக்காமல், வெளிநாட்டிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவருவது மற்றொன்று. முதல் முடிவு பூர்வகுடிகளைக் காப்பாற்றியது. இரண்டாவது முடிவு இந்தியாவின் ஏழைகளைக் கப்பலேற்றியது. பிஜியின் அடுத்த 150 ஆண்டு வரலாறு இந்த இரண்டு முடிவுகளிலிருந்தே பிறந்தது.

'கிர்மிட்' என்ற ஒப்பந்தம்

1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பிஜியின் அன்றைய தலைநகரான லெவுக்காவை அடைந்தது. வழியில் காலராவும் அம்மையும் தாக்கியதால் பயணிகளை உடனே கரையேற்றாமல் தனித் தீவில் அடைத்து வைத்தார்கள். அதன்பின் 1916 வரை 87 கப்பல் பயணங்களில் 60,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். சுமார் 45,000 பேர் கல்கத்தா வழியாகவும், 15,000 பேர் சென்னை வழியாகவும் போனார்கள்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் தமிழர்கள் பெரும்பாலும் கங்காணி வழியாகப் போனார்கள். பிஜிக்குப் போனது அப்படியல்ல. அரசின் மேற்பார்வையில் எழுதப்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் அது. 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் தொழிலாளர் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. அதில் கைநாட்டு வைத்தவர்கள் 'கிர்மிட்டியா' ஆனார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 9 மணி நேரம், சனிக்கிழமை 5 மணி நேரம் வேலை. கொடுத்த வேலையை முழுதாக முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். பெண்ணுக்கு 9 பென்ஸ். முதல் ஆறு மாதம் நாளுக்கு 4 பென்ஸ் பிடித்துக்கொண்டு ரேஷன். ஐந்தாண்டு முடிந்தால் சொந்தச் செலவில் ஊர் திரும்பலாம். பத்தாண்டு இருந்தால் கப்பல் செலவு இலவசம்.

காகிதத்தில் படிக்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் 'முழு வேலை' எது என்பதை முடிவு செய்தது தோட்டத்து மேற்பார்வையாளர். முடிக்க முடியாத அளவு வேலையைக் கொடுத்துவிட்டுக் கூலியைக் குறைப்பது வாடிக்கையாக நடந்தது. வேலைக்கு வராமல் இருப்பது கூலிப் பிடித்தத்தோடு முடியாது. அது குற்றமாகக் கருதப்பட்டு அபராதமும் சிறையும் விதிக்கப்பட்டன. 'லைன்' என்று சொல்லப்பட்ட நீண்ட கொட்டகைகளில் பத்தடிக்கு ஏழடி அறைகள். ஒரு அறையில் மூன்று ஆண்கள் அல்லது ஒரு குடும்பம். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆள் எடுத்ததால் குடும்ப வாழ்வே சிதைந்தது. தற்கொலைகளும் கொலைகளும் பெருகின. தொழிலாளர்களே அந்த வாழ்க்கைக்கு 'நரக்' என்று பெயர் வைத்தார்கள்.

கரும்பு ஆலைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி கையில் இருந்தன. அந்த நிறுவனம் 1973 வரை பிஜியில் கோலோச்சியது.

1915-ல் சி.எஃப். ஆண்ட்ரூஸும் டபிள்யூ.டபிள்யூ. பியர்சனும் பிஜி சென்று நேரில் பார்த்து எழுதிய அறிக்கை இந்தியாவை உலுக்கியது. கிர்மிட்டியாவாகச் சென்று திரும்பிய தோதாராம் சனாத்யா தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். நம் பாரதியார் பிஜியின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற பெண்களுக்காகப் பாடினார். எதிர்ப்பு வலுத்ததால் 1916-ல் ஆள் அனுப்புவது நின்றது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின. சென்றவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் மட்டுமே ஊர் திரும்பினார்கள். மற்றவர்களுக்குப் பிஜியே சொந்த ஊராயிற்று.

சென்னைத் துறைமுகத்திலிருந்து

சென்னையிலிருந்து ஆள் அனுப்புவது 1903-ல் தொடங்கியது. வட ஆற்காடு, சென்னை, தஞ்சாவூர், கோயம்புத்தூர், மலபார், ஆந்திரக் கடலோர மாவட்டங்கள் ஆகிய பகுதிகளிலிருந்து மக்கள் போனார்கள். சோழவரமும் பொன்னேரியும் அப்போது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னைக்கு ஒட்டினாற்போல் இருந்த கிராமப் பகுதிகள். பஞ்சமும் கடனும் துரத்த, வேலை தேடிச் சென்னைக்கு வந்தவர்களைத் தரகர்கள் பிடித்து டிப்போவில் சேர்த்தார்கள். பலருக்குப் பிஜி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி அல்லது மதம், மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் அதில் குறிக்கப்பட்டன. அந்தச் சீட்டுகள் சுவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இன்று அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாத்தாவின் கிராமத்தைத் தேடித் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் வருகிறவர்கள் உண்டு. 'பெரியப்பா ஒருத்தர் கப்பலேறிப் போனார், திரும்பவே இல்லை' என்ற பேச்சு வழிவழியாக இருக்கும் குடும்பங்களுக்கும் அந்தக் காப்பகம் ஒரு வாசல்.

தெற்கிலிருந்து சென்றவர்களுக்குத் துன்பம் இரண்டு மடங்கு. அவர்கள் போய்ச் சேரும்போது வடநாட்டார் அங்கே கால் நூற்றாண்டாக ஊன்றிவிட்டிருந்தார்கள். மேஸ்திரி பேசுவதும் இந்தி, பக்கத்து அறைக்காரர் பேசுவதும் இந்தி. தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசியவர்களை 'மதராஸி' என்று கேலியாக அழைத்தார்கள்.

முஸ்லிம்கள் தங்கள் தீனைக் காத்தது எப்படி?

பிஜிக்குச் சென்றவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் முஸ்லிம். முதல் கப்பலிலேயே முஸ்லிம்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதிகளைச் சேர்ந்த ஹனஃபி மத்ஹபினர். சென்னை வழியாகச் சென்ற முஸ்லிம்களில் மலபார் மாப்பிள்ளைமார் முக்கியமானவர்கள். அவர்கள் ஷாஃபி மத்ஹபினர்.

இவர்களோடு அனுப்பப்பட்ட ஆலிம் யாரும் இல்லை. தோட்டத்தில் பள்ளிவாசல் இல்லை. ஒப்பந்தப்படி ஞாயிறு விடுமுறை; வெள்ளிக்கிழமை 9 மணி நேர வேலைநாள். நிகாஹ் மட்டும் செய்துகொண்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே ஆகாது. அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். குர்ஆன் ஓதத் தெரிந்த ஓரிருவரைச் சுற்றிக் கூடித் தொழுதுதான் தீனைக் கடத்தினார்கள். தோட்டங்களில் முஹர்ரம் பெரிய ஊர்வலமாக நடந்தது; அதில் இந்துத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிற்காலத்தில் அந்த வழக்கம் மறைந்துவிட்டது.

கிர்மிட் முடிந்து சிறு குத்தகை நிலங்களில் கரும்பு பயிரிடத் தொடங்கியதும், கையில் கிடைத்த காசில் அவர்கள் இரண்டைக் கட்டினார்கள்: பள்ளிவாசல், பள்ளிக்கூடம்.

1926-ல் சுவாவில் ஃபிஜி முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சுவாவின் டூராக் பகுதியில் முஸ்லிம் குழந்தைகளுக்கான தொடக்கப் பள்ளியும் ஆரம்பமானது. நாட்டின் பெரும்பாலான சுன்னி முஸ்லிம்களுக்கு இன்றும் அந்த அமைப்பே தாய்ச் சபை. தொடக்கப் பள்ளிகள், உயர்நிலைப் பள்ளிகள், பள்ளிவாசல்கள் எனப் பல தீவுகளில் அதன் பணி பரந்திருக்கிறது. அந்தப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள்.

தெற்கிலிருந்து போன ஷாஃபி முஸ்லிம்கள் தனி அமைப்பு கண்டார்கள். அதன் பழைய பெயர் 'தென் இந்தியா மவூனத்துல் இஸ்லாம் சங்கம்'. 'தென் இந்தியா' என்ற தமிழ்ச் சொல்லும் 'மவூனத்துல் இஸ்லாம்' என்ற அரபுச் சொல்லும் சேர்ந்த அந்தப் பெயரே அவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. பின்னாளில் 'தென் இந்தியா' என்ற முன்னொட்டு நீங்கி, பிஜி மவூனத்துல் இஸ்லாம் சங்கம் ஆனது.

2007 கணக்கெடுப்பின்படி பிஜியில் முஸ்லிம்கள் 6 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். சுமார் 52,000 பேர். கிறிஸ்தவர்கள் 64 விழுக்காடு, இந்துக்கள் 28 விழுக்காடு. இவ்வளவு சிறிய சமூகம் என்றாலும் நபி (ஸல்) அவர்களின் பிறந்த நாள் பிஜியில் அரசு விடுமுறை. தீபாவளிக்கும் விடுமுறை உண்டு. 2013 அரசியல் சட்டம் பிஜியை மதச்சார்பற்ற நாடு என்று தெளிவாக அறிவிக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரே கொட்டகையில் வாழ்ந்த இந்து முஸ்லிம் மக்களிடையே 1920-களின் இறுதியில் கசப்பு வளர்ந்தது. இந்தியாவில் நடந்த பூசல்கள் கப்பலேறிப் பிஜிக்கும் வந்தன. ஒருவர் கடையில் மற்றவர் வாங்காத நிலைகூட ஏற்பட்டது. முஸ்லிம்கள் தனிப் பிரதிநிதித்துவம் கேட்டார்கள். ஆனால் அன்றாட வாழ்வில் கரும்பு வெட்டும் கூட்டங்கள் மீண்டும் கலந்தே இயங்கின.

மொழி போன கதை

1926-ம் ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சாது குப்புசாமி முன்னின்று 'தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' நாண்டியில் தொடங்கப்பட்டது அந்த ஆண்டில்தான். இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளையும் லம்பாசாவில் ஒரு செவிலியர் கல்லூரியையும் அந்தச் சங்கம் நடத்துகிறது. நாண்டியில் உள்ள சிவ சுப்பிரமணியர் கோயில் தென்னிந்தியர்களின் அடையாளமாக நிற்கிறது.

இவ்வளவு முயன்றும் தமிழ் வீட்டு மொழியாக நிலைக்கவில்லை. சங்கப் பள்ளிகளில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கப்பட்டன. ஆனால் வயலிலும் சந்தையிலும் இந்தியே ஓடியது. பேரப்பிள்ளைகள் காலத்தில் தமிழ் பெயர்களிலும் பாடல்களிலும் மட்டும் தங்கியது. மலையாள மாப்பிள்ளைமார் வீடுகளிலும் இதே நிலைதான். முஸ்லிம் பள்ளிகள் உருதுவை முன்னிறுத்தின. இன்றைய அரசியல் சட்டம் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் பூர்வகுடி மொழியையும் பிஜி இந்தியையும் கட்டாயமாகக் கற்பிக்கச் சொல்கிறது. தமிழுக்கு அந்த இடம் இல்லை.

தீன் நிலைத்தது, மொழி கரைந்தது ஏன்? தீனுக்குப் பள்ளிவாசல் இருந்தது, வாரம் ஒருமுறை கூடும் ஜமாஅத் இருந்தது, அதை நடத்த ஒரு நிர்வாகம் இருந்தது. மொழிக்கோ வீட்டுக்கு வெளியே அப்படிப்பட்ட உறுதியான இடம் அமையவில்லை. வளைகுடாவிலும் மேற்கு நாடுகளிலும் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

சித்தீக் கோயாவும் விடுதலையும்

பிஜி 1970 அக்டோபர் 10 அன்று விடுதலை பெற்றது. ஒப்படைக்கப்பட்ட அதே தேதியில், 96 ஆண்டுகளுக்குப் பின். விடுதலைக்கான பேச்சுவார்த்தையில் இந்திய வம்சாவளியினர் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் சித்தீக் கோயா. 1924-ல் பா என்ற கரும்பு நகரில் பிறந்த வழக்கறிஞர். மலபார் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். தேசிய ஃபெடரேஷன் கட்சியின் தலைவராக, பூர்வகுடித் தலைவர் ராத்து மாராவுடன் உடன்பாடு கண்டு, ரத்தம் சிந்தாமல் விடுதலை கிடைக்க வழி செய்தார்.

1977 ஏப்ரல் தேர்தலில் அவருடைய கட்சி 52 இடங்களில் 26 இடங்களைப் பிடித்தது. ஆனால் உட்கட்சிப் பூசலால் அமைச்சரவை அமைப்பது தாமதமாகி, கவர்னர் ஜெனரல் மாராவையே மீண்டும் பிரதமராக்கினார். கூலியாகச் சென்ற ஒரு சமூகத்தின் பிள்ளை பிரதமர் நாற்காலியின் வாசல் வரை போய்த் திரும்பினார். கோயா 1993-ல் காலமானார்.

நிலமும் புரட்சிகளும்

பிஜியின் அரசியலைப் புரிந்துகொள்ள நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நாட்டின் நிலத்தில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானது பூர்வகுடிக் குலங்களுக்குச் சொந்தம். அதை விற்க முடியாது. வக்ஃப் சொத்தை விற்க முடியாது என்பது நமக்குத் தெரியும். அதைப்போல அங்கே குலத்தின் நிலம் தலைமுறை தலைமுறையாகக் குலத்துக்கே உரியது. வேண்டுமானால் குத்தகைக்குத் தரலாம். இந்திய விவசாயிகள் பெரும்பாலும் 30 ஆண்டுக் குத்தகையில் கரும்பு பயிரிட்டார்கள். 1997 முதல் குத்தகைகள் முடியத் தொடங்கின. பல குத்தகைகள் புதுப்பிக்கப்படவில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டைப் பிரித்துக்கொண்டு குடும்பங்கள் சுவாவின் புறநகர்க் குடிசைப் பகுதிகளுக்குப் போயின.

இரு பக்கமும் அச்சம் இருந்தது. நிலமும் நாடும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பூர்வகுடிகள் அஞ்சினார்கள். உழைத்த மண்ணில் என்றும் விருந்தாளியாகவே இருக்க வேண்டுமோ என்று இந்தியர்கள் அஞ்சினார்கள். இந்த அச்சத்தை அரசியல்வாதிகளும் ராணுவமும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

1987 மே 14 அன்று லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரபூக்கா, இந்தியர்களின் ஆதரவோடு அமைந்த அரசைத் துப்பாக்கி முனையில் கவிழ்த்தார். முதல் கப்பல் வந்த அதே மே 14. அதே ஆண்டில் நாடு குடியரசாக அறிவிக்கப்பட்டது. 1999-ல் மகேந்திர சவுத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். 2000 மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட் கும்பல் அவரை நாடாளுமன்றத்திலேயே 56 நாட்கள் பணயக் கைதியாக வைத்தது. 2006-ல் ராணுவத் தளபதி பைனிமராமா ஆட்சியைப் பிடித்தார். 

விளைவு என்ன? 1986-ல் மக்கள்தொகையில் 48 விழுக்காட்டுக்கும் மேல் இருந்த இந்திய வம்சாவளியினர் 2007-ல் 37.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். படித்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா என்று கிளம்பிவிட்டார்கள். 

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2013 அரசியல் சட்டம் எல்லாக் குடிமக்களையும் 'பிஜியர்' என்ற ஒரே பெயரால் அழைத்தது. அதுவரை அந்தப் பெயர் பூர்வகுடிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2022 இறுதியில் ரபூக்கா தேர்தல் வழியாக மீண்டும் பிரதமரானார். 2023 மே மாதம், தான் 1987-ல் செய்த செயலுக்காக இந்திய வம்சாவளி மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு முதல் 'கிர்மிட் தினம்' அரசு விடுமுறை ஆனது.

இன்றைய பிஜி

இன்று சுற்றுலாவே பிஜியின் முதல் வருமானம். வெளிநாடு சென்றவர்கள் அனுப்பும் பணம் இன்னொரு தூண். ஒரு காலத்தில் நாட்டையே தாங்கிய கரும்பு நலிந்துவிட்டது. ஐரோப்பா கொடுத்துவந்த சலுகை விலை நின்றது, நிலக் குத்தகை முடிந்தது, இளைஞர்கள் வயலை விட்டு வெளியேறினார்கள். 

இப்போதைய பெரிய அச்சம் கடல். 2016 பிப்ரவரி 20 அன்று வீசிய வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தார்கள். ராக்கிராக்கியில் இருந்த பழைய கரும்பு ஆலை அதன் பிறகு திறக்கவே இல்லை. வனுவா லெவுவில் வுனிதோங்கோலோவா என்ற கடலோரக் கிராமம், தண்ணீர் உள்ளே ஏறியதால் 2014-ல் மொத்தமாக மேட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டது. 2017-ல் ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குத் தலைமை ஏற்று இந்தச் சிறிய நாடு தன் குரலை உலகுக்குக் கேட்கச் செய்தது. மிக்ஜாம் புயலையும் பழவேற்காட்டுக் கடல் அரிப்பையும் கண்ட நம் பகுதி மக்களுக்கு அந்தக் குரல் அந்நியமானது அல்ல.

நம் வாசலில் நிற்கும் கிர்மிட்டியாக்கள்

பிஜிக்கு மிக அதிகமாக ஆள் அனுப்பியவை பஸ்தி, கோண்டா, ஆஜம்கர், காஜிப்பூர் போன்ற உத்தரப் பிரதேச மாவட்டங்களும் பீகாரின் சில பகுதிகளும். இன்று அதே உத்தரப் பிரதேசம், பீகார் மட்டுமல்லாமல் ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்தும் இளைஞர்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றிய இரும்பு உருக்காலைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்கிறார்கள். காண்ட்ராக்டர் மூலம் வருகிறார்கள். தகரக் கொட்டகையில் ஒரே அறையில் பலர் தங்குகிறார்கள். மொழி தெரியாது. ஊர்க்காரர்கள் 'வடக்கன்' என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அன்று நம்மவர்களை 'மதராஸி' என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இன்று சட்டம் உண்டு. லியோனிடாஸ் கரை சேர்ந்து சரியாக நூறாண்டு கழித்து, 1979-ல், மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கான சட்டம் இந்தியாவில் வந்தது. காண்ட்ராக்டருக்கு உரிமம், தொழிலாளிக்குப் பயணப்படி, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் அதில் சொல்லப்பட்டன. பின்னர் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. ஆனால் கிர்மிட்டியாவின் ஒப்பந்தமும் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாதபோது காகிதம் யாரையும் காப்பாற்றாது.

சோழவரம், செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டார ஜமாஅத்துகள் இதில் செய்யக்கூடியவை பல. வெள்ளிக்கிழமை நம் பள்ளிகளின் பின்வரிசையில் வந்து தொழுதுவிட்டு, ஒருவரோடும் பேசாமல் ஷிஃப்டுக்கு ஓடும் அந்தச் சகோதரர்களிடம் முதலில் ஸலாம் சொல்லிப் பெயர் கேட்கலாம். குத்பாவின் சாரத்தை ஐந்து நிமிடம் உருதுவில் சொல்ல ஏற்பாடு செய்யலாம். இ-ஷ்ரம் பதிவுக்கும் வங்கிக் கணக்குக்கும் உதவலாம். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாம். விபத்து நடந்தால் மருத்துவமனைக்கும், மவ்த் ஆனால் ஜனாஸாவுக்கும் முன்நிற்கலாம். கூலி நிலுவை என்று யாராவது வந்தால் தொழிலாளர் துறை அலுவலகம் வரை உடன் போகலாம். முஸ்லிம், இந்து என்று பார்க்காமல் இதைச் செய்ய வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தொழிலாளியின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொன்னபோது அவர் எந்த ஊர்க்காரர் என்று பிரித்துச் சொல்லவில்லை. நம்மில் சிறுதொழில் நடத்துவோரும் காண்ட்ராக்ட் எடுப்போரும் உண்டு. அவர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்த்துக்கொள்வது நல்லது.

பிஜியில் அன்று நம் மக்களுக்கு ஒரு ஜமாஅத் வாசல் திறந்து நிற்கவில்லை. அவர்களே கல் சுமந்து அதைக் கட்ட வேண்டியிருந்தது. நம் ஊருக்கு வருகிறவர்களுக்கு அந்த வாசல் ஏற்கெனவே கட்டப்பட்டு நிற்கிறது. அதைத் திறந்து வைக்கும் பொறுப்பு மட்டுமே நம்முடையது. அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக!